கடைசி இரண்டு காலடி

அன்பு மாப்ளே,

நலம்தானே? தங்கச்சியும் மருமகளும் நலமா? முட்டியில் போட்ட ஊசி கேட்கிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்று எழுது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் முதலில் உன்னைத்தான் கேட்டாள். "ஓசூர்க்காரன் எப்பம்ல வருவான்?" என்றாள். ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. போனில் ஆரம்பித்தால் "விடுல, பழைய கதை" என்று நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பள்ளிக் கிரவுண்டில் இப்போது சாயங்காலம் இருபது பிள்ளைகள் வாலிபால் ஆடுகிறார்கள். நாலே கால் மணிக்குப் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்போம். செம்மண் ஈரமாக இருக்கிற அந்த அரை மணி நேரம், யார் எங்கே கால் வைத்தாலும் அச்சு எடுத்த மாதிரி தடம் விழும். ஜூன் மாதம் ஒருநாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நாலாம் இடத்திலிருந்து, அதாவது நெட்டின் இடது ஓரத்திலிருந்து, ஓடி வந்து ஒரு பந்தை அடித்தாள். பந்து நன்றாகத்தான் போய் விழுந்தது. ஆனாலும் எனக்கு என்னவோ செய்தது. கிட்டே போய்க் குனிந்து தரையைப் பார்த்தேன். நெட்டுக்கு முன்னால் கடைசி இரண்டு தடம். முதலில் இடது கால், குதிகால் ஆழமாகக் குழி விழுந்து. ஒரு சாண் முன்னால் வலது கால். பிள்ளை வலது கைக்காரி.

உன் கால், மாப்ளே. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, நான் அந்தத் தடத்தைப் பார்த்து.

வலது கையால் அடிக்கிறவனுக்குக் கடைசி இரண்டு அடி வலது, இடது என்றுதான் முடிய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் உன்னை அத்தனை வருஷம் ஏசினார்கள். ஏன் அப்படி முடிய வேண்டும் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது. மாங்காய்க்குக் கல்லெறியும்போது எந்தக் காலை முன்னால் வைக்கிறோம்? வலது கையில் கல் இருந்தால் இடது கால்தான் தானாக முன்னே போகும். இடுப்பு வலப்பக்கம் திறந்து நிற்கும், வலது தோள் பின்னால் போகும். அப்புறம் இடுப்பு முதலில் திரும்பி, நெஞ்சு திரும்பி, கடைசியில்தான் கை வரும். ஸ்மாஷும் அதே கல்லெறிதான், ஆகாயத்தில் நின்று எறிகிறோம், அவ்வளவுதான். வலது கால் கடைசியில் விழுந்தால் வலது இடுப்பு முன்கூட்டியே முன்னால் வந்துவிடும். திருப்புவதற்கு உடம்பில் மிச்சம் இருக்காது. தோள் ஒன்றே எல்லா வேலையையும் செய்ய வேண்டும். உனக்கு இருபது வயதிலேயே தோளில் வலி வந்தது நினைவிருக்கிறதா? ராத்திரி மேட்ச் முடிந்து தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துக்கொண்டு படுப்பாயே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அந்தப் பிள்ளையிடம், "உனக்கு யார் பழக்கிவிட்டது?" என்று கேட்டேன். அண்ணன் ஆடுவதைப் பார்த்துப் பழகினேன் என்றாள். அண்ணனை எனக்குத் தெரியும், பத்தாம் வகுப்பு வரை என்னிடம் ஆடியவன்தான். அவன் இடது கைக்காரன்! இடது கைக்காரனுக்கு இடது, வலது என்று முடிவதுதான் முறை. இவள் காலை அண்ணனிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள், கை மட்டும் அவளுடையது. உனக்கு யாரைப் பார்த்து வந்தது என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், பதிலில் எழுது.

முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். மாற்றப் பார்த்தேன். ஓட்டத்தை முழுசாக விட்டுவிட்டு, கடைசி இரண்டு அடியை மட்டும் தனியாக எடுத்தேன். சுண்ணாம்பில் கால் படம் வரைந்து, வலது, இடது, குதி என்று சொல்லச் சொல்லிப் பழக்கினேன். டென்னிஸ் பந்தைக் கையில் கொடுத்துக் குதித்து நெட்டுக்கு மேலே எறியச் சொன்னேன். எறியும்போது கால் சரியாகவே வந்தது. ஆனால் வாலிபாலைத் தூக்கிக் கொடுத்தால் போதும், கால் பழையபடி போய்விடும். இரண்டு வாரத்தில் அவளுடைய நேரமே கெட்டுப்போனது. பந்து ஏறுவதற்கு முன்பே குதித்தாள், இல்லையென்றால் இறங்கிய பிறகு குதித்தாள். பெண்கள் நெட் 2.24 மீட்டர். அவள் நின்றபடி கையை உயர்த்தினால் விரல் நுனிக்கும் நெட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அந்த உயரத்துக்கு நேரம் தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது. ஒருநாள் "நான் சர்வீஸ் மட்டும் போடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு எண்ட் லைனுக்குப் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தேர்வு முகாமில் நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததுதான் கண் முன்னால் நின்றது.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். நாலாம் இடத்தில் அந்தக் கால் ஏன் தப்பாகிறது? பந்து வலப்பக்கத்திலிருந்து, தூக்கிக் கொடுக்கிற செட்டரிடமிருந்து வருகிறது. வலது கால் முன்னால் போனால் நெஞ்சு வெளிப்பக்கம் திரும்பிவிடும், செட்டருக்கு முதுகு கொஞ்சம் தெரியும். பந்து கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். சரி, அதே பிள்ளையை வலது ஓரத்து ரெண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனால்? பந்து இடப்பக்கத்திலிருந்து வரும். வலது கால் முன்னால் இருந்தால் நெஞ்சு நேராகச் செட்டரைப் பார்க்கும், பந்து கையை விட்டுக் கிளம்பியதிலிருந்தே தெரியும். முறையான காலோடு வருகிற வலது கைக்காரனுக்குத்தான் அங்கே சங்கடம். அவன் உடம்பு வெளியே திரும்பியிருக்கும், பந்து அவன் நெஞ்சைத் தாண்டி வலது தோளுக்கு வர வேண்டும்.

மறுநாள் அவளை ரெண்டாம் இடத்தில் நிறுத்தினேன். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது பந்திலேயே பழைய சத்தம் கேட்டது. அதோடு நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. எதிரே பிளாக் போடுகிற, அதாவது நெட்டில் எழும்பிப் பந்தை மறிக்கிற பிள்ளை இவள் காலைப் பார்த்து இடது கைக்காரி என்று நினைத்து அந்தக் கைக்கு நேராக எழும்புகிறாள். பந்து வலது கையிலிருந்து ஒரு முழம் தள்ளி வருகிறது. போனில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். பிளாக்கரின் கை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். உன்னோடு ஆடியவர்கள் "அவன் எப்பக் குதிப்பான்னே தெரியல" என்று சொல்வார்களே, அதுதான். பிளாக் போடுகிறவர்கள் பந்தை மட்டுமா பார்க்கிறார்கள்? அடிக்க வருகிறவனின் காலடித் தாளத்தையும் சேர்த்துத்தானே பார்க்கிறார்கள். தாளம் மாறினால் அவர்கள் கணக்கும் மாறிவிடும்.

இதை வேண்டுமென்றே செய்து பெரிய இடத்தில் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் அணி 1964-ல் வெண்கலம், 1968-ல் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். மட்சுதைராதான் பயிற்சியாளர், நெகோடா செட்டர். மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் இரண்டு செட்டை விட்டுவிட்டு மூன்றையும் திருப்பி எடுத்து, ஃபைனலில் கிழக்கு ஜெர்மனியை 3-1 என்று முடித்தார்கள். அந்த அணியில் மொரிடா என்று நடு ஆட்டக்காரர். க்விக், அதாவது தாழ்வாகத் தூக்கிய வேகப் பந்தை அடிக்கிற மாதிரியே வேகமாக வருவார், முட்டியை மடக்குவார், கையை வீசுவார், ஆனால் குதிக்க மாட்டார். எதிரே பிளாக் எழும்பி இறங்கத் தொடங்கும்போதுதான் இவர் குதிப்பார். ஒரே ஆள் தனியாகச் செய்கிற நேர ஏமாற்று. அதுவரை காலடி என்றால் குதிப்பதற்கு மட்டும்தான். அவர் அதை வைத்து எதிராளியிடம் பொய் சொன்னார். எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு மரியாதை.

கிரிக்கெட்டில்கூடப் பார். 2008-ல் முதல் ஐபிஎல், ஜெய்ப்பூரில் சோஹைல் தன்வீர் 14 ரன் கொடுத்து நம் சென்னையின் 6 விக்கெட்டை எடுத்தானே, நீ அன்றைக்கு ராத்திரி போன் போட்டுப் புலம்பினாய். அவன் போடுவதும் தப்பான காலில்தான். கால் விழுகிற நேரமும் பந்து கையை விட்டு வருகிற நேரமும் பேட்ஸ்மேன் பழகியபடி இருக்காது. அந்த சீசனில் 22 விக்கெட், அவன்தான் முதலிடம். யாராவது சின்ன வயதில் அவனை உட்கார வைத்துக் காலை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்காக எந்தக் காலில் வேண்டுமானாலும் வரலாம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஆறாம் வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே வலது, இடது என்றுதான் பழக்குகிறேன். தோளுக்கு அதுதான் நல்லது, எல்லா இடத்திலும் ஆட முடியும். இவளுக்கும் நாலாம் இடத்து ஓட்டத்தைத் தனியாக, அவசரப்படாமல், வாரத்தில் இரண்டு நாள் சொல்லித்தருகிறேன். ரப்பர் டியூபைக் கம்பத்தில் கட்டித் தோளுக்குத் தினமும் பயிற்சி உண்டு. இரண்டு காலிலும் இறங்குவதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. உன் முட்டியைப் பார்த்த பிறகு அதில் நான் ரொம்பக் கறார். குறுவட்டப் போட்டியில் ரெண்டாம் இடத்தில் ஆடினாள். அரையிறுதியில் தோற்றோம், ஆனால் எங்கள் பாயிண்டில் பாதிக்கு மேல் அவள் அடித்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் டீமில் ரைட் அடிக்கிறவனுக்குக் காய்ச்சல் வந்து, ஒரு மின்னொளிப் போட்டியில் நீ ரெண்டாம் இடத்தில் ஆடினாய். ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நான் பின்னால் தூக்கிக் கொடுத்த பந்து ஒன்றுகூட வீணாகவில்லை. நாலாம் இடத்தில் உனக்கென்று பந்தை நெட் ஓரத்து ஆன்டெனா கம்பி வரை விடாமல் ஒரு முழம் உள்ளே நிறுத்துவேன். ரெண்டாம் இடத்தில் அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. செட்டருக்கு அது விரலில் தெரியும், மாப்ளே. எனக்குத் தெரிந்தது. அந்த வருஷமே மாவட்டத் தேர்வு. உன் காலைப் பார்த்துவிட்டு அந்தப் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதானே இவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறது? இந்தக் காலை வைத்துக்கொண்டு இவன் சரிப்படுவானா?" என்று கேட்டார். "ரெண்டாம் இடத்தில் போட்டுப் பாருங்க சார்" என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. எதிர்த்துப் பேசினால் என் இடமும் போய்விடுமோ என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான் தேர்வானேன். நீ தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பஸ்ஸில் வரும்போது நீதான் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாய். இதை உன்னிடம் சொல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். மன்னித்துக்கொள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

காணும் பொங்கல் அன்று ராத்திரி ஊரில் மின்னொளிப் போட்டி, பெண்களுக்கும் இந்த வருஷம் சுழற்கோப்பை வைத்திருக்கிறோம். தங்கச்சியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. அம்மா பனங்கிழங்கு அவித்து வைப்பாள். அந்தப் பிள்ளையிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "அந்த மாமாவும் என்ன மாதிரியேவா சார் கால் வைப்பாங்க?" என்று தினம் கேட்கிறாள். வந்து ஒரு தடவை அவளுக்குக் காட்டு. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், முட்டி இருக்கிற நிலையில் நடந்து காட்டினால் போதும். நான் தண்ணீர் தெளித்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்