அடிக்கடி நின்றுபோகும் ஜெனரேட்டர்: மோட்டார்ஹோம் வாடகைக்கு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, ஏசியோடு வீடுபோல் அமைந்த வண்டி) வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கும் தனி உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

அரிசோனா வெயிலில் குழந்தைகளோடு நிற்கும் ஒருவர், "ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிறது, உடனே நின்றுவிடுகிறது" என்று அழைத்தால், "திரும்ப முயன்று பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். அவரிடம் வரிசையாகக் கேட்க வேண்டியவை உண்டு. பெட்ரோலில் ஓடும் கம்மின்ஸ் ஓனன் 4000 வாட் ஜெனரேட்டரை வைத்துச் சொல்கிறோம்.

முதலில் பெட்ரோல் முள். அது கால் டேங்க் அருகே இருந்தால் எதையும் கழற்ற வேண்டாம். இரவெல்லாம் ஏசி ஓடினாலும் பங்க் வரை போக வண்டிக்குப் பெட்ரோல் மிஞ்ச வேண்டும் என்றே ஜெனரேட்டரின் உறிஞ்சு குழாயை உயரத்தில் வைத்திருக்கிறார்கள். வண்டி சரிவில் நின்றால் முள் இன்னும் மேலே இருக்கும்போதே நின்றுவிடலாம். சாவி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சின் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு ஜெனரேட்டரின் ஸ்டார்ட்/ஸ்டாப் சுவிட்சில் உள்ள விளக்கு. மூன்று முறை சிமிட்டினால் ஸ்டாப்பை ஒருமுறை அழுத்த, இரண்டு இலக்க எண் சிமிட்டல்களாகவே வரும். 36 வந்தால், கன்ட்ரோல் போர்டு (ஜெனரேட்டரை இயக்கி நிறுத்தும் மின்னணுப் பலகை) எஞ்சினை நிறுத்தவில்லை, எஞ்சினே நின்றிருக்கிறது என்று பொருள். இங்கேதான் பலர் அவசரப்பட்டுப் புதுப் போர்டு வாங்குகிறார்கள். முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள்.

இது உங்கள் மெக்கானிக்கின் வேலை, வாடிக்கையாளருடையது அல்ல. எஞ்சின் ஆறியபின், பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில், கார்ப்ரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி பெட்ரோல் கேனுக்குள் விட்டு, ஸ்டாப்பை அழுத்திப் பிடித்தால் பம்ப் ஓடும். குமிழி குமிழியாக வந்தால் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டுக் காற்றை இழுக்கிறது. ஒன்றுமே வராமல், பம்புக்கு மட்டும் 12 வோல்ட் வந்தால் ஃபில்டர் அல்லது பம்ப். நன்றாக வந்தும் எஞ்சின் ஏறி இறங்கி ஓடி, ஏசி போட்டதும் அணைந்தால் கார்ப்ரேட்டரின் மெயின் ஜெட்டில் (பெட்ரோல் பாயும் சிறு துளை) அடைப்பு. சோக்கை (காற்றைக் குறைக்கும் மூடி) பாதி மூடியதும் சீராக ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்டார்ட்டை அழுத்தியிருக்கும் வரை ஓடி, விட்டதும் நிற்பது வேறு கதை. பழைய மாடல்களில் கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்தோ, அது உரசும் ஸ்லிப் ரிங் என்ற வளையத்தில் களிம்பு ஏறியோ மின்சாரம் உற்பத்தியாகாமல் போனால் இப்படி ஆகும்.

ஜெட் அடைபடுவதற்குக் காரணம், வண்டி உங்கள் யார்டில் சும்மா நிற்பதுதான். கார்ப்ரேட்டரில் தங்கும் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசினாக இறுகுகிறது. மாதம் ஒருமுறை, பாதி லோடில் (மின்சுமையில்), இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். லோடுக்கு ஒரு ஏசி போதும். குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன் பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைக் கலந்து, அது கார்ப்ரேட்டர் வரை சேரும்படி ஓட்டுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் அன்றும் ஏசியோடு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

கார்ப்ரேட்டர் மாற்றிய செலவை வாடிக்கையாளரின் முன்பணத்தில் கழிக்காதீர்கள். அந்தப் பிசின் ஒரு வாரப் பயணத்தில் உண்டாவதில்லை.

இப்படிக்கு,
மோட்டார்ஹோம் ஜெனரேட்டர் பழுதுபார்ப்போர்