பணம் அனுப்பும் முன் ஒரு போன்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. கணக்குப் பிரிவின் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. எப்போதோ வந்திருக்க வேண்டிய பதவி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு போய்விட்டாள், சின்னவன் இன்னும் விளையாட்டுத்தான்.

போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய். வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவர்கள் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக மெயில் வந்தது, ஏதோ இடித்தது, பணத்தை நிறுத்தி வைத்தேன் என்று. நீ அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். எனக்கு அப்படிப் படவில்லை, கலா. கூகுளும் பேஸ்புக்கும் ஏமாந்தது கிட்டத்தட்ட இதே வழியில்தான். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமாசாஸ்கஸ் என்பவர், அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் கருவிகள் விற்கும் தைவான் கம்பெனியான குவான்டாவின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். போலி பில், போலி ஒப்பந்தம், போலி முத்திரை எல்லாம் தயார். 2013 முதல் 2015 வரை 12 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. 2019இல் அவருக்கு 5 ஆண்டு சிறை. எந்தக் கம்ப்யூட்டரையும் உடைக்காமலே இவ்வளவும் நடந்தது. பில் வந்தது, பணம் போனது.

வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் அதைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த தங்கள் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை அனுப்பச் சொல்லி, வங்கதேச வங்கியின் பெயரிலேயே 35 உத்தரவுகள் போயின. எல்லாம் திருடர்கள் அந்த வங்கியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அனுப்பியவை. அந்த நேரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு இன்றும் நடுக்கம் தருகிறது. டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. வங்கதேச வங்கி விழித்துக்கொள்ளும் ஞாயிறன்று நியூயார்க்கில் யாரும் இருக்க மாட்டார்கள். திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு என்று, பணம் போய்ச் சேரும் பிலிப்பைன்ஸின் மணிலாவில் வங்கிகள் திறக்காது. அதோடு, பணப் பரிமாற்றங்களைத் தானாக அச்சடித்துத் தரும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்த ஊழியர்கள் அதை எப்போதும் வருகிற பிரிண்டர் கோளாறு என்றே நினைத்தார்கள்.

பெரும்பாலான உத்தரவுகளை நியூயார்க் நிறுத்திவிட்டது. ஐந்து மட்டும் தாண்டிப் போயின. அதில் இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுகிற அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் தப்பும் தவறுமாக இருந்ததால் மாட்டிக்கொண்டது. இடையில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது, அவ்வளவுதான். மீதி 8.1 கோடி டாலர் மணிலா போய்ச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து தடம் தெரியாமல் போனது.

யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாத நேரமாகப் பார்த்துத்தான் இந்த ஆட்கள் வருகிறார்கள். 'நான் மீட்டிங்கில் இருக்கிறேன், போன் வேண்டாம்', 'இது ரகசியம், யாரிடமும் சொல்லாதே', 'இன்றைக்கே போக வேண்டும்' என்று மெயிலில் வருவதெல்லாம் அந்த விடுமுறைக் கணக்கின் சின்ன வடிவம்தான்.

ஆனால் கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஹாங்காங்கில் அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, தலைமை நிதி அதிகாரி பெயரில் ஒரு ரகசியப் பணப் பரிமாற்றம் பற்றி மெயில் வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார், சரியாகத்தான் சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். தெரிந்த முகங்கள், தெரிந்த குரல்கள். சந்தேகம் கரைந்துவிட்டது. 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் கம்ப்யூட்டர் உருவாக்கிய போலிகள். 2024 தொடக்கத்தில் வெளிவந்த செய்தி இது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரிபார்க்கும் வழியையும் திருடர்களே அமைத்துக் கொடுத்துவிட்டார்கள், அவர் என்ன செய்வார்?

அதனால் உன் பிரிவில் ஒன்றைக் கண்டிப்பாகக் கொண்டு வா. கணக்கு எண் மாறினால், மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யக் கூடாது. பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு, ஏற்கெனவே பேசிப் பழகிய ஆளிடம் கேட்க வேண்டும். அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்டால் திருடனே 'ஆமாம், மாற்றிவிட்டோம்' என்பான். அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் பார். ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' மாதிரியே தெரியும், அவசரத்தில் கண் ஏமாந்துவிடும். அப்புறம், முதலாளியே சொன்னாலும் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கிற பெண்ணை யாரும் திட்டக் கூடாது என்று முதலாளி வாயாலேயே எல்லோர் முன்னாலும் சொல்ல வை. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஒருவேளை பணம் போய்விட்டால், யார் தப்பு என்று விசாரிக்க உட்காராமல் அந்த நிமிஷமே வங்கிக்குச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் மடக்கிப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

தம்பி கம்ப்யூட்டரில் அப்டேட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான் என்றாயே, அவனிடம் வானாக்ரையைப் பற்றிச் சொல். 2017 மே மாதம் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கிய அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்க, மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது.

அம்மா பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதி வைப்பதற்காக அவரிடம் சண்டை போடாதே. பீரோவுக்குள் இருக்கும் நோட்டை வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் எடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைக்கச் சொல், மெயிலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நீயே போட்டுக் கொடு. யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடு.

அந்தச் சரக்குக்காரர்களிடம் பேசினாயா, என்ன சொன்னார்கள் என்று எழுது. அவர்கள் மெயிலுக்குள்ளேயே யாராவது புகுந்திருந்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
வசந்தி