பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

பூனைக்குட்டி படம் வந்தது. அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? கை மெலிந்து தெரிகிறது.

போன வாரம் பூனையை நான் ஆங்கிலத்தில் 'பெட்' என்றதும், "அப்பா, இங்கே பெட் என்றால் தொப்பி. வீட்டில் வளர்ப்பதை ஹௌஸ்டீர் என்பார்கள்" என்று திருத்தினாய். முதல் தடவையிலேயே டச்சுத் தேர்வில் தேறியவள் அல்லவா! பெருமையாக இருந்தது. அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். 'ஹௌஸ்' வீடு, 'டீர்' விலங்கு. ஆங்கிலத்தில் மானைச் சொல்லும் 'டீர்' இதன் உடன்பிறப்பு. முன்பு அதுவும் எல்லா விலங்குக்கும் பொதுப்பெயர்தான், பிறகு மானோடு சுருங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால் மூச்சு என்ற பொருளுள்ள வேர் என்கிறார்கள். நம் சொல்லும் அப்படித்தானே, பிராணன் இருப்பது பிராணி. 1658 முதல் 1781 வரை நம் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் மொழியிலிருந்து வந்த கக்கூஸின் வாலில் இருப்பதும் இந்த ஹௌஸ்தான்.

சரி, நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று மாதமாக அவர் குரலே கேட்கவில்லை, வேலை அதிகமாக இருக்கும். பூனைப் படத்தில் கதவோரம் ஒரு ஜோடி ஷூதான் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் பூனையைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசுகிறாய், நடுவில் பேச்சு நின்றால் உன் மூச்சு மட்டும் கேட்கிறது. எங்களிடம் சொல்லக்கூடாதது என்று ஒன்று உண்டா?

நாம் செல்லப்பிராணி என்கிறோம். செல்லம் கொடுத்தோம், வீட்டுக்குள் விட்டோமா? ஆறாவது படிக்கும்போது நீ தூக்கிவந்த பூனையைத் திண்ணையோடு நிறுத்தியவன் நான். இரவெல்லாம் அது கத்தியது. உன்னை விமானம் ஏற்ற வந்தபோதும், "இனி அதுதான் உன் வீடு" என்றேன். எல்லா அப்பாவும் சொல்வதுதானே என்று சொல்லிவிட்டேன். தப்பு பாப்பா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்காமல் இருக்கிறாயோ என்று தூக்கமே வரவில்லை.

மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பூனையை விமானத்தில் கொண்டுவர என்னென்ன ஊசி, என்னென்ன தாள் வேண்டும் என்று அங்கே கேட்டு வை. இங்கே அது உள்ளேயே படுக்கட்டும்.

சாப்பிடு.

அப்பா