பத்திரப் பிழையை விற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்துங்கள்

ஆசிரியருக்கு,

வீடு வாங்கியவர்களில் பலர் பதிவு முடிந்ததும் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். கடனில் வாங்கினால் அசல் வங்கிக்குப் போய்விடுகிறது. பிழை கண்ணில் படுவது பட்டா மாற்றும்போதோ, மறுபடி விற்கப் போகும்போதோதான். அதைச் சரிசெய்யும் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு, சொத்தை விற்று எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். அதற்குள் அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் வந்து கையெழுத்திட வேண்டும். பவர் ஏஜென்ட் எழுதிக்கொடுத்த கிரையமானால் அந்தப் பவர் (அதிகாரப் பத்திரம்) இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் செத்துவிடும்.

அதிகம் கவனிக்காமல் விடப்படுவது நான்கெல்லை, அதாவது மனையின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்ற விவரம். பழைய பத்திரங்களில் "முருகன் வீட்டுக்குக் கிழக்கு" என்று இருக்கும். அதாவது, முருகன் வீடு நம் மனைக்கு மேற்கே இருக்கிறது. புதிதாகத் தட்டச்சு செய்பவர் அதை "கிழக்கில்: முருகன் வீடு" என்று மாற்றிவிடுவார். சர்வே எண்ணும் பரப்பும் சரியாகவே இருக்கும், மனை மட்டும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இதைச் சின்னப் பிழை என்று விட முடியாது.

அடுத்தது அளவு. பட்டாவில் 0.02.25 ஹெக்டேர் என்றிருந்தால் 2 ஏர் 25 சதுர மீட்டர். அது சுமார் 5.56 சென்ட், அதாவது 2,422 சதுர அடி. அதையே 2.25 சென்ட் என்று எழுதிவிட்டால் 980 சதுர அடிதான் உங்களுடையது. சர்வே எண்ணோடு வரும் உட்பிரிவு எழுத்து விட்டுப்போவதும் அடிக்கடி நடக்கும். சர்வே எண் தவறாக இருந்தால், சரியான எண்ணுக்குப் போட்ட வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) உங்கள் கிரையமே வராது. அதனால் இரண்டு எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

பதிவான பத்திரத்தைப் பேனாவால் அடித்துத் திருத்தவே கூடாது. பத்திரம் சரியாக இருந்து வில்லங்கச் சான்றில் மட்டும் தவறு என்றால் அது அலுவலகப் பிழை; சார்பதிவாளரிடம் மனு கொடுத்தால் போதும். பத்திரத்திலேயே தவறென்றால் தனியாகப் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். மூலப் பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவான அலுவலகம், தவறாக உள்ள வாசகம், இருக்க வேண்டிய வாசகம் எல்லாம் அதில் அப்படியே வர வேண்டும். மற்ற ஷரத்துகளில் மாற்றமில்லை என்ற வரியை மறக்காதீர்கள். கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அசல் வங்கியில் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள், அடமான ஆவணத்திலும் அதே பிழை ஏறியிருக்கும்.

திருத்தப் பத்திரத்தால் ஆகாத வேலையும் உண்டு. வேறு மனையைச் சேர்ப்பதும் பரப்பைக் கூட்டுவதும் "திருத்தம்" என்ற பெயரில் நடக்கிற விற்பனைதான். அதற்கு முத்திரைத் தீர்வை கேட்பார்கள். பிழை தாய்ப்பத்திரத்திலிருந்தே (விற்றவர் அந்தச் சொத்தை வாங்கிய முந்தைய பத்திரம்) வந்ததென்றால் உங்கள் பத்திரத்தை மட்டும் திருத்திப் பயனில்லை. உங்களுக்கு விற்றவர் தனக்கு விற்றவரிடம் முதலில் திருத்தி வாங்க வேண்டும். அவசரத்தில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பட்டா மனு தள்ளுபடியான பிறகு தவிப்பவர்கள் ஏராளம்.

விற்றவர் கையெழுத்திட மறுத்தால் 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். மோசடியோ இரு தரப்பும் சேர்ந்து செய்த தவறோ என்று காட்ட வேண்டும். இதற்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு, எனவே பிழை தெரிந்த நாளைக் குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்