மூன்று கோல் முன்னிலையிலாவது எங்கள் பிள்ளைகளை இறக்குங்கள்

மலேசியாவின் பெரிய காற்பந்துக் கிளப்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும் அவற்றின் தலைமைப் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம். என் சின்ன வயதில் ஊரைச் சுற்றி ரப்பர் மரம். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அணி இருந்தது. தீபாவளிக்கும் தொழிலாளர் தினத்துக்கும் ஒன்பது பேர் ஆட்டம் வைப்பார்கள். கிண்ணத்தோடு ஓர் ஆட்டுக்கிடாவும் பரிசு. அப்படிப்பட்ட ஓர் அணிக்கு ஆடியவன் நான். இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் இருபது, இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித் தருகிறேன். கூலிக்கு இல்லை. அவர்களில் தேறியவர்களை அகாடமிகளின் தேர்வுக்கு வேனில் ஏற்றி அழைத்துப் போவதும் நான்தான். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

எங்கள் திடலிலிருந்து போன ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம்; அவனுக்கு 22 வயதுதான் ஆகிறது, இனியும் எங்காவது ஆட வேண்டியவன். இடது கால்காரன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் 13 வயதில் கண்ணில் பட்டான், அழைத்துக்கொண்டார்கள். விடுதி, அகாடமி, அப்புறம் இளையோருக்கான பிரசிடன் கிண்ண அணி, அதற்கும் பிறகு ஒரு பெரிய கிளப்பில் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட வாரம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவன் அம்மா பொங்கல் வைத்தார். இரண்டு பருவம் அங்கே இருந்தான். முதல் அணிக்காக அவன் ஆடியது மொத்தம் 11 நிமிடம்.

ஒரு நாள் அவன் பெயர் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் வந்துவிட்டது என்று மத்தியானமே செய்தி அனுப்பினான். அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அன்று அரை நாள் லீவு போட்டார். எட்டுப் பேர் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். பாதி ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னிலை. அறுபதாவது நிமிடத்துக்குள் மூன்றாகிவிட்டது. வேனில் வந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம், இனி இறக்கிவிடுவார்கள் என்று. அவன் மூலைக்கொடிப் பக்கம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். பயிற்றுநர் பின்னால் திரும்பும்போதெல்லாம் ஒரு நொடி நின்று பார்ப்பான்; அவர் வேறு யாரையாவது கூப்பிட்டதும் மறுபடி ஓடுவான். நான்கு பேரை மாற்றினார்கள். ஐந்தாவதாக, 80 நிமிடத்துக்கு மேல், முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் இறங்கினார். பையன் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

ஆட்டம் முடிந்து வேனருகே வந்தவன், ஜெர்சியை அம்மா கையில் கொடுத்தான். முதுகில் அவன் பெயர். மடிப்புக் கலையவே இல்லை. மறுநாள் அந்த அம்மா அதையும் தண்ணீரில் நனைத்துத் துவைத்துத்தான் கொடியில் போட்டார். அப்பா வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. தாப்பா ஓய்வுத்தலத்தில் டீ வாங்கிக் கொடுத்தபோதுதான் சொன்னார்: "ஆட விட்டு, நல்லா ஆடலன்னா சரிண்ணே, வீட்டுக்கு அனுப்பட்டும். ஆடவே விடலையே."

அவர் சொன்னதற்கு மேல் என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் மூன்று பேரைத்தான் மாற்றலாம். 2020இல், கோவிட் காலத்தில், ஐந்து பேரை மாற்றலாம் என்று தற்காலிகமாகக் கொண்டுவந்தார்கள். 2022இல் அதுவே நிரந்தர விதியாகிவிட்டது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு இடம் கூடியிருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று பிள்ளைகளுக்கு வரும் என்று நாங்கள் நம்பினோம். நெருக்கமான ஆட்டத்தில் கேட்கவில்லை. இறுதி ஆட்டத்திலும் கேட்கவில்லை. மூன்று கோல் முன்னிலையில், கடைசி இருபது நிமிடத்தில் கேட்கிறேன். அப்போதும் நம்ப முடியாத பிள்ளையை எதற்காக எட்டு வருடம் வளர்த்தீர்கள்?

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. நாலு ஆட்டம் தோற்றால் பயிற்றுநருக்கு வேலை போகும். சம்பளம் கொடுக்க முடியாமல் கிளப்கள் தள்ளாடுவதையும் பார்க்கிறோம். எங்கள் ஈப்போவின் பேராக் அணியே 2025இல் லீக்கை விட்டு விலகிவிட்டது. 2018இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி! எங்கள் பையன்கள் வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரே பெரிய கிளப் அதுதான். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி, பிறகு பி.ஜே. சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை வந்த கிளப்பும் 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அந்தக் கிளப்பில் நம் பையன்கள் பலருக்கு இடம் இருந்தது. இப்படிக் கதவு ஒவ்வொன்றாக மூடும்போது, மிச்சம் இருக்கும் உங்கள் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது.

2022 வரை இன்னொரு வழியும் இருந்தது. ஜே.டி.டி. (ஜொகூர் டாருல் தக்சிம்), சிலாங்கூர், திரெங்கானு கிளப்களின் இரண்டாம் அணிகள், சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையில் இருந்த மலேசிய பிரீமியர் லீக்கில் ஆடின. அந்த வருடம் அந்த லீக்கை வென்றதே ஜே.டி.டி.யின் இரண்டாம் அணிதான். 19, 20 வயதுப் பையன், தன்னைவிடப் பத்து வயது மூத்த, உடம்பு முற்றிய ஆட்டக்காரர்களோடு புள்ளிகளுக்காக மோதினான். அந்த மோதல்தான் பாடம். 2023இல் பிரீமியர் லீக் இல்லாமல் போனது. அதற்குப் பதிலாக 23 வயதுக்குட்பட்டோருக்கு எம்.எஃப்.எல். (மலேசியக் காற்பந்து லீக்) கிண்ணம் வந்தது. ஒன்றுமே இல்லாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல், நன்றி. ஆனால் பிள்ளைகள் மறுபடியும் பிள்ளைகளோடுதான் ஆடுகிறார்கள். மேலே ஏறும் படி உடைந்துவிட்டது. அதே காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடமும் கூடியிருக்கிறது. வெளிநாட்டவர் வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடமிருந்து எங்கள் பையன்கள் கற்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று ஆடினால்தானே கற்க முடியும்?

ஒரு காலத்தை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். 2009 முதல் 2011 வரை நம் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லை. தடை இருந்தது. வேறு வழி இல்லாமல் கிளப்கள் உள்ளூர்ப் பையன்களை ஆடவிட்டன. அதே 2009இல் கே. ராஜகோபால் பயிற்சியில் நம் 23 வயதுக்குட்பட்ட அணி லாவோஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. 1989க்குப் பிறகு, 20 வருடம் கழித்து. தேசிய அணிக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்த அவரே மறுவருடம், அந்தப் பையன்களில் பலரை அப்படியே சேர்த்துக்கொண்டு, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்தார். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்ற அந்த டிசம்பர் இரவில், சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடைகளில் நிற்கவும் இடமில்லை. அணியில் எஸ். குணாளன் இருந்தார், கே. குருசாமி இருந்தார். தடை ஒன்றுதான் காரணம் என்று நான் வாதாடவில்லை, ராஜகோபால் என்ற மனிதரும் காரணம். ஆனால் வாரா வாரம் லீக்கில் ஆடிய கால்கள் அவருக்குக் கிடைத்தன. அதை மறுக்க முடியாது.

ஐரோப்பாவைப் பாருங்கள் என்று நீங்களே அடிக்கடி சொல்வீர்கள். சரி, பார்ப்போம். 2019இல் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு ஆட்டக்காரர்களை வாங்கத் தடை வந்தது. பயிற்றுநர் பிராங்க் லாம்பார்ட் அகாடமிப் பிள்ளைகளை இறக்கினார்: மேசன் மவுண்ட், ரீஸ் ஜேம்ஸ், டேமி ஆப்ரகாம், ஃபிகாயோ டொமோரி. அந்தப் பருவத்தில் நான்காம் இடம் பிடித்தார்கள். 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மென்செஸ்டர் சிட்டிக்கு எதிராக விழுந்த ஒரே கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் மவுண்ட், ஆறு வயதில் அந்தக் கிளப்புக்கு வந்தவர். இங்கேயும் அங்கேயும் கதை ஒன்றுதான். கடையில் வாங்க வழியில்லாதபோதுதான் வீட்டில் விளைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. தடை வந்துதான் தெரிய வேண்டுமா?

மென்செஸ்டர் யுனைடெட்டில் 1937 அக்டோபரிலிருந்து இன்று வரை, தங்களிடம் வளர்ந்த ஒருவராவது இல்லாமல் ஓர் ஆட்டத்துக்கும் பட்டியல் போட்டதில்லை. பார்சிலோனா 2012 நவம்பரில் லெவாந்தேவுக்கு எதிராக ஒரு கட்டத்தில் பதினொரு பேரையும் தன் அகாடமியான லா மாசியாவின் பிள்ளைகளாகவே வைத்து ஆடியது. அங்கேயும் எல்லாம் நல்லபடி நடப்பதில்லை என்பதும் தெரியும். சொந்தப் பிள்ளையை விற்றால் கணக்கில் முழுத் தொகையும் லாபமாக எழுதலாம் என்பதால் விற்கிறார்கள். அந்த மவுண்டையே 2023இல் விற்றார்கள். அதே வருடம் தன்னிடம் வளர்ந்த கோல் பாமர் என்ற ஆட்டக்காரரை மென்செஸ்டர் சிட்டி செல்சிக்கு விற்றது. அந்தப் பருவத்திலேயே அவர் லீக்கில் 22 கோல் அடித்தார். அங்கே விற்றாலும் பிள்ளை இன்னொரு திடலுக்குப் போகிறான், ஆடுகிறான். இங்கே ஒப்பந்தம் முடிந்ததும் நேரே வீட்டுக்குத்தான் வருகிறான்.

லுக்மான் ஹக்கிமை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியில் வளர்ந்தவர், 2018 ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவர். 2020இல் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப்புக்குப் போனார். அங்கே முதல் அணிக்காக அவர் களம் கண்டது அபூர்வம். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை பெஞ்சில் போன வயது யாருக்கும் திரும்பி வராது.

எங்கள் பையனுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் சொன்னார்கள். பருவம் முடிந்த பிறகு. அதற்குள் மற்ற கிளப்கள் ஆள் சேர்த்து முடித்துவிட்டன. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இவன் எங்கள் அணிக்கு வேண்டாம் என்று முடிவெடுப்பது உங்கள் உரிமை. அதைப் பருவத்தின் நடுவிலேயே, முகத்தைப் பார்த்து, அப்பா அம்மாவை உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் உங்களிடம் ஆட இடம் இல்லையென்றால் சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையில் உள்ள ஏ1 லீக்கில் ஏதாவது ஒரு சின்ன கிளப்புக்கு இரவல் கொடுங்கள். தோற்றாலும் அங்கே தொண்ணூறு நிமிடம் ஆடுவான். உங்கள் பணம் ஒன்றும் கெடாது. இரவல் கேட்டு வந்த கிளப்பை, எங்களுக்குத் தேவைப்படலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறம் அந்தப் பையனைப் பெஞ்சுக்குக்கூடக் கூப்பிடாமல் விட்டதும் எங்கள் ஊரில் நடந்திருக்கிறது.

எங்கள் சமூகத்துக்கு இந்த விளையாட்டோடு இருக்கும் உறவை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் நம் அணியில் எம். சந்திரன் ஆடினார். 1980 மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றபோது கோல் கம்பத்தில் நின்றவர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். எங்கள் திடலில் கோல் காக்கும் பொடியன் இன்றைக்கும் தாவிப் பிடித்தால் "ஆறுமுகம்டா" என்றுதான் பெரியவர்கள் கத்துகிறார்கள். அவர் இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பொடியனின் தலைமுறைக்குக் கத்த ஒரு புதுப் பெயர் வேண்டும்.

அந்தப் பையன் இப்போது ஈப்போவில் பார்சல் வேன் ஓட்டுகிறான். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே திடலுக்கு வந்து, சின்னவர்களுக்கு இடது காலால் கிராஸ் போடச் சொல்லித் தருகிறான். நன்றாகச் சொல்லித் தருகிறான். பெஞ்சில் உட்கார்ந்து அவன் பார்த்ததெல்லாம் வீண் போகவில்லை.

அவனுக்குப் 13 வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அண்ணனைவிட வேகம். போன மாதம் ஓர் அகாடமியிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. விடுதி, பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அப்பா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்றுத் திடலுக்கு வந்தார். "அண்ணே, அனுப்பலாமா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் திடலிலிருந்து ஒரு பயிற்றுநர்