பெயர் ஒன்று, போன் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போனை அமெரிக்காவில் வாங்கினால் மிச்சம், எங்கே வாங்கினாலும் ஒரே போன்தான் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கப்பலுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ பிள்ளைகள் போன வீடுகள் ஏராளம். உங்கள் வரியை நம்பி அவர்கள் வாங்கி வரச் சொல்லும் போன் கடைசியில் எங்கள் பழுது மேசைக்குத்தான் வரும்.

ஒரே போன் இல்லை ஐயா. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பதில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும். சீனாவில் விற்ற அதே 14-ல் இரண்டு சிம் போடலாம், இ-சிம் இல்லை. இந்திய மாடலில் ஒரு சிம் போடலாம், இ-சிம்மும் உண்டு. தட்டில்லாத போன் செத்துப்போனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட வழியில்லை. புது இ-சிம் கைக்கு வரும்வரை வங்கி ஓடிபி வராது. சாம்சங் எஸ்21-க்கு அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப், இங்கே எக்ஸினோஸ் சிப். பெயரை மட்டும் பார்த்து மாற்று போர்டு வாங்கினால் பணம் போச்சு.

கூகுளின் பிக்சல் 4 இந்தியாவுக்கே வரவில்லை. அதிலிருந்த 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அப்போது இங்கே அனுமதி இருக்கவில்லை. 5-ம் 6-ம் வரவில்லை. மூன்றையும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்த நீங்கள், இங்கே விற்பனைக்கு வராது என்று ஒரு வரி சேர்க்கவில்லை. ஆனால் பர்மா பஜார் படம் போட்டால் மட்டும் கீழே 'கள்ளச் சரக்கு' என்று எழுத மறப்பதில்லை. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் போட்ட கடைகள் அவை. எந்த நாட்டு செட், வாரண்டி உண்டா இல்லையா என்று அங்கே கேட்டால் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தீபாவளி மலரில் வெளிநாட்டு அடுப்புக்கும் பிளக் மாற்றினால் போதும் என்றீர்கள். பிளக் மாற்றினால் வோல்ட் மாறாது. 'இன்புட் 100-240' என்று அச்சிட்ட சார்ஜருக்குத்தான் அது சரி. 120 வோல்ட் மைக்ரோவேவை நம் 230-ல் செருகினால் பியூஸோடு தப்பினால் அதிர்ஷ்டம். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் வைத்தாலும், அங்கே 60 ஹெர்ட்ஸாக வந்த மின்சாரம் இங்கே 50 ஆகத்தான் வரும். 60-க்கென்று சுற்றிய உள் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும்.

கேட்பது கால் பத்தி இடம். வெளிநாட்டில் காசு கொடுக்கும் முன், ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் கேரியர் லாக் (ஒரே கம்பெனி சிம்முக்குப் பூட்டு) வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' இருக்கிறதா பார்க்க வேண்டும். அங்கேயே மாடல் நம்பரைத் தொட்டால் 'ஏ'-யில் தொடங்கும் எண் வரும். எந்த நாட்டுக்குச் செய்தது என்று அதை வைத்துத் தேடலாம். எந்த போனானாலும் ஜியோவுக்கு 4ஜி பேண்ட் (அலைவரிசை) 3, 5, 40 இருக்க வேண்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி வழியே பேச வைக்கும் வோல்ட்டி எடுக்காத செட்டில் அழைப்பே போகாது. இதை அடுத்த ஞாயிறே, அந்த வரி வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் பழுது பார்ப்பவர்,
பழைய வண்ணாரப்பேட்டை