இஸ்திரி வண்டிக்காரருக்கு

நம் தெருவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? நீங்களும் அதே தண்ணீரில்தான் நின்றீர்கள். எங்கள் இருவரையும் மாடிக்குத் தூக்கிச் சென்ற பிள்ளைகள், சோறு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டார், மாத்திரை வாங்கிவந்தவர்கள், சேற்றை வாரிய துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மோகன் குமாரமங்கலத்தின் வாழ்க்கையை எழுத ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் கட்டிலுக்கடியில் ஊறிப்போயிருந்தன. குப்பையில் போடத்தான் எடுத்துச் சென்றேன். "கொடுங்கள் ஐயா, பார்க்கலாம்" என்று வாங்கிக்கொண்டார். அன்றிரவு துணிகளை முடித்த பிறகு, பெட்டியிலிருந்து பாதிக் கரியை எடுத்துவிட்டுச் சூட்டைத் தணித்தார். தாளின்மேல் பழைய வேட்டியை விரித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நான்கு இரவுகள். மை பேனாவால் எழுதியவை கரைந்துவிட்டன. பால்பாயிண்ட் எழுத்து முழுதும் பிழைத்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

"யார் ஐயா இவர்?" என்று கேட்டார். சொன்னேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் வீட்டுப் பிள்ளை. தந்தை சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு வந்து கம்யூனிஸ்ட் ஆனார், சிறை சென்றார். வழக்கறிஞராகி, 1966இல் சென்னை மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் பதவிக்கு உயர்ந்தார். 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குப் போனார். எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தபோதுதான் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1973 மே 31, டெல்லியில் தரையிறங்க வந்த விமானம் நொறுங்கி இறந்தார். வயது 56.

"எம்.பி.யாக இரண்டே வருஷமா?" என்றவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சுரங்கத்தில் இறங்கியவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை. ஒன்பது ஆண்டுகளில் சட்டத்தின் பிரிவுகளை எழுதினேன், அவையில் நடந்த விவாதங்களை எழுதினேன். தொழிலாளியைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. அந்த அத்தியாயத்தை எழுதாமல் இந்தப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன். எழுதியதும் முதலில் அந்த வண்டியருகே நின்று அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

இன்னும் பதினொரு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரவு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.